பெயின்டர் என்றால் கயிறு

என்.சி.சி. கடற்படைப் பிரிவில் ‘பி’ சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வு. கரையேற்றி வைத்திருந்த வேலர் என்ற துடுப்புப் படகைக் காட்டி, “பெயின்டர் எங்கே?” என்றார் தேர்வாளர். வண்ணம் பூசுகிறவரைத் தேடுவதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தேன். படகின் முன்முனையில் கட்டியிருக்கும் கயிற்றுக்கு அந்தப் பெயர் என்பது என் குறிப்பேட்டில் இருந்தது, மனப்பாடமும் செய்திருந்தேன். கயிற்றைத்தான் அதுவரை தொட்டதில்லை.

வாயும் காட்டிக்கொடுத்தது. பக்கச்சுவரின் மேல்விளிம்பை எழுத்துக்கூட்டி ‘கன்வேல்’ என்றேன். கடலோடிகள் அதைக் ‘கன்னல்’ என்பார்கள். கப்பலின் தள வேலைகளைக் கவனிப்பவரைப் போட்ஸ்வெய்ன் என்று எழுதிவிட்டுப் போசன் என்று கூப்பிடுகிறவர்கள் அல்லவா!

கூடப் படித்தவன் மீனவக் குடும்பத்துப் பையன். முன்முனையான அணியம், பின்முனையான அமரம், திசைதிருப்பும் சுக்கான் எல்லாம் அவன் வீட்டுச் சொற்கள். அணியத்தைப் பவ் என்றும் அமரத்தை ஸ்டெர்ன் என்றும் மாற்றிச் சொல்ல அவனுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. மறுமுறை தேர்வுக்குப் போகுமுன் நான் அவனோடு படகில் ஏறிவிட்டேன். அடியில் நீளவாக்கில் ஓடும் கீல், உட்காரும் குறுக்குப் பலகையான த்வார்ட், துடுப்பைத் தாங்கும் இரும்புக் கவையான க்ரட்ச், அடித்துளையை அடைக்கும் பங் என்று ஒவ்வொன்றையும் கை வைத்துச் சொன்னேன். பங்கை மறந்து படகை இறக்கினால், கால் நனையும்போதுதான் நினைவு வரும்.

பலரும் சறுக்குவது இடம் வலத்தில்தான். முன்முனையைப் பார்த்து நின்றால் வலப்புறம் ஸ்டார்போர்டு, இடப்புறம் போர்ட். ஆனால் 27 அடி வேலரில் ஐந்து துடுப்புக்காரர்களும் பின்முனையைப் பார்த்தே உட்காருகிறார்கள். அவர்களுடைய வலக்கைப் பக்கம் போர்ட்! யார் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் படகின் பக்கம் மாறாது என்பதற்காகத்தான் தனிப்பெயரே வைத்தார்கள். பழங்காலத்தில் திசைதிருப்பும் துடுப்பு வலப்புறம் இருந்ததால் அது ஸ்டார்போர்டு ஆனது. இடப்புறத்துக்கு முன்பு லார்போர்டு என்று பெயர். காற்றிரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கவே, 1844இல் பிரிட்டிஷ் கடற்படை போர்ட் என்ற சொல்லையே ஆளும்படி உத்தரவிட்டது.

இரவு விளக்கில் போர்ட் சிவப்பு, ஸ்டார்போர்டு பச்சை. அர்த்தநாரிக்கு வலப்பாதி செம்மேனிச் சிவன், இடப்பாதி பச்சைமேனி உமை. படகில் அதற்கு நேர்மாறு என்று நான் நினைவில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை தவறியதில்லை.

அடுத்த கண்ணி டில்லர். சுக்கானின் அந்தக் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால், ஓடும் படகு வலப்பக்கம் திரும்பும். அக்காலத்தில் சுக்கானைத் திருப்பச் சக்கரம் வைத்த பெரிய கப்பல்களில்கூட டில்லர் போகும் பக்கத்தைச் சொல்லித்தான் ஆணையிட்டார்கள். 1912இல் டைட்டானிக்கில் ‘ஸ்டார்போர்டு’ என்ற ஆணை பிறந்ததும் கப்பல் இடப்பக்கம் திரும்பியது அதனால்தான். இதைப் படித்து ஒப்பிக்காதீர்கள். ஒருமுறை கைப்பிடியைத் தள்ளிப் பாருங்கள்.

அளவுகளுக்கு அரைமணி நேரம் போதும். ஆழத்தை அளக்கும் ஃபேதம் ஒன்றுக்கு ஆறு அடி, ஒரு கடல் மைல் 1852 மீட்டர்.

மறுமுறை பெயின்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வேகத்தைக் கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவன் ‘மணிக்குப் பத்து நாட்’ என்றதும் தேர்வாளர் பேனாவை எடுத்தார். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல். நான் ‘பத்து நாட்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.