காஸுக்கு மாற ஒரு லெட்டர் போதாது

குழாய் எரிவாயு இணைப்பு எடுக்க யோசித்துக்கொண்டிருக்கும் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பாய்லர் இப்போது காஸில் ஓடுகிறது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் (ஆலையை இயக்க வாரியம் தரும் அனுமதி) திருத்தமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வழியில் தப்பும் தவறுமாகச் சொல்லி எங்களை அலையவிட்டவர்கள் மீதான கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் உணவுப்பொருள் ஆலை. மூன்று டன் பாய்லர், ஆரம்பத்திலிருந்தே எரிபொருள் பர்னஸ் ஆயில் என்ற கெட்டியான எரிஎண்ணெய். எண்ணூரில் இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் 2019-இல் திறந்தபோதே, நம் பக்கமும் ஒருநாள் குழாய் வரும் என்று பேசிக்கொண்டோம். வந்தது. சாலையோரம் மஞ்சள் குறியீட்டுக் கற்கள் நட்டார்கள், விற்பனைப் பிரிவிலிருந்து ஆள் வந்தார், விலை பேசினோம். அந்தப் பக்கத்து வேலையில் எந்தக் குறையும் இல்லை. குழாய் வந்து, ஸ்கிட் (காஸ் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவித் தொகுப்பு) வைத்து, மீட்டர் மாட்டி முடித்தார்கள். பாய்லர் ஆய்வாளர் பக்கமும் சிக்கல் இல்லை. பிரஷர் தாங்கும் எந்தப் பாகத்தையும் தொடவில்லை, பர்னரை மட்டும்தான் மாற்றுகிறோம் என்பதை வரைபடத்தோடு காட்டினோம், முடிந்தது.

சிக்கல் ஆரம்பித்தது எங்கள் கன்சல்டன்ட்டிடம். "சார், காஸ் கிளீன் ஃபியூயல். வாரியத்துக்கு ஒரு லெட்டர் போட்டா போதும்" என்றார். காஸ் விற்க வந்தவரும் அதையே சொல்லியிருந்தார். பர்னர் விற்றவரும் அதையே சொன்னார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னதால் எங்கள் நிர்வாகமும் நம்பிவிடும் நிலை. நான் பழைய கன்சென்ட் ஆணையை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். உங்களிடம் இருக்கும் ஆணையையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தண்ணீர்ச் சட்டம் 1974-இன் கீழ் ஒன்று, காற்றுச் சட்டம் 1981-இன் கீழ் ஒன்று என்று இரண்டு இருக்கும். காற்றுச் சட்ட ஆணையில் ஒரு அட்டவணை வரும்: புகைபோக்கி எண், எந்தக் கருவியிலிருந்து புகை வருகிறது, கட்டுப்பாட்டுக் கருவி என்ன, தரையிலிருந்து புகைபோக்கியின் உயரம் எத்தனை மீட்டர், மணிக்கு எவ்வளவு புகை வெளியேறுகிறது. அதன் கீழே பொது நிபந்தனைகள். வாரியத்தின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் புகையின் தன்மையையோ அளவையோ மாற்றக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. குறைந்தால் பரவாயில்லை, கூடினால்தான் அனுமதி என்று எங்கும் இல்லை. மாற்றம் என்றால் மாற்றம்தான்.

லெட்டர் மட்டும் போட்டுவிட்டு பர்னரை மாற்றியிருந்தால், அடுத்த ஆய்வில் ஆணையில் ஒன்று இருக்கும், பாய்லரில் வேறொன்று இருக்கும். எரிபொருள் சுத்தமானதாக இருந்தாலும் குற்றம் எங்கள் தலையில்தான் விழும்.

சரி, முறைப்படி திருத்தத்துக்கே விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுத்து, வாரியத்தின் ஆன்லைன் விண்ணப்பத் தளமான ஓ.சி.எம்.எம்.எஸ்.-இல் ஏற்ற வேண்டிய ஃபைலைக் கன்சல்டன்ட்டிடம் தயாரிக்கச் சொன்னேன். அவர் கொண்டுவந்த ஃபைலைப் பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. மெட்டீரியல் பேலன்ஸ் (உள்ளே போகும் பொருள், வெளியே வரும் பொருள், கழிவு இவற்றின் கணக்கு) பக்கத்தில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொருளின் பெயர். சுற்றுப்புறத்தைக் காட்டும் டோப்போ ஸ்கெட்ச்சில், எங்கள் ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இல்லாத ஏரி ஒன்று. மதில் ஓரத்திலேயே இருக்கும் குடியிருப்பைக் காணோம். வேறு யாருக்கோ செய்த ஃபைலில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். இதற்கு முன்பணமும் வாங்கியிருந்தார். இதை அப்படியே ஏற்றியிருந்தால், ஆய்வுக்கு வரும் உதவிப் பொறியாளர் வாசலில் நின்று பார்த்தவுடனே கண்டுபிடித்திருப்பார். அதற்கப்புறம் நாம் சொல்லும் எதையும் அவர் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே கன்சல்டன்ட் தரும் ஃபைலில் டோப்போ ஸ்கெட்ச், லேஅவுட், மெட்டீரியல் பேலன்ஸ் இந்த மூன்றையும் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். பெயர்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது ஆடிட்டர் சான்றிதழ். கன்சென்ட் கட்டணம் மொத்த நிலையான சொத்து மதிப்பை வைத்துத்தான் வரும். நிலம், கட்டடம், இயந்திரம் என்று பிரித்து, தேய்மானம் கழிக்காத மதிப்பைக் கொடுக்க வேண்டும். முதலில் வந்த சான்றிதழில் தேய்மானம் கழித்த தொகை இருந்தது, அது செல்லாது என்று திருப்பினோம். இரண்டாவது வந்ததில் காஸ் ஸ்கிட்டையும் எங்கள் இயந்திரக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். ஸ்கிட் எங்களுடையது அல்ல, காஸ் கொடுப்பவர்களுடையது. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. எங்கள் இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் தேவையில்லாமல் சொத்து மதிப்பு ஏறி, அடுத்தடுத்த புதுப்பித்தலிலும் அதே தொகை ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஆடிட்டர் அலுவலகத்தில் நேரில் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். புது பர்னர், காஸ் ட்ரெயின் (பர்னருக்கு முன்னால் வரும் வால்வு வரிசை), நம் எல்லைக்குள் நாம் போட்ட குழாய் ஆகியவை மட்டுமே நம் கணக்கு.

இப்போது முக்கியமான ஒரு முடிவு. விண்ணப்பத்தில் எரிபொருள் என்ற இடத்தில் 'இயற்கை எரிவாயு' என்று மட்டும் எழுதாதீர்கள். ஆணையில் காஸ் மட்டும் இருந்தால், குழாயில் பராமரிப்பு வேலை வந்து சப்ளை நிற்கும் நாளில் பாய்லரையும் நிறுத்தத்தான் வேண்டும். மாற்று எரிபொருளையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். நாங்கள் பழைய பர்னஸ் ஆயிலையே ஸ்டாண்ட்பையாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக் கணக்குப் போட்டோம். பர்னஸ் ஆயிலில் எடையில் 4 சதவீதம் வரைகூடக் கந்தகம் இருக்கலாம். மணிக்கு 200 கிலோ எரித்தால் சுமார் 16 கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியே போகும். புகைபோக்கி உயரத்துக்கான சூத்திரத்தில், அதாவது அந்த 16-ஐ 0.3 அடுக்குக்கு உயர்த்தி 14-ஆல் பெருக்கினால், 32 மீட்டர் வருகிறது. அந்த எண்ணெய் ஒரு லிட்டர் இருந்தாலும் இந்தக் கணக்கு நம்மை விடாது. டீசலில் 2020 ஏப்ரலிலிருந்து கந்தகம் 10 பிபிஎம்-க்குள்தான் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). விலை அதிகம், ஆனால் என்றைக்கோ ஓடப்போகிற ஸ்டாண்ட்பைக்கு அது ஒரு பொருட்டில்லை. இரட்டை எரிபொருள் பர்னர், முதன்மை காஸ், மாற்று டீசல் என்று கேட்டோம். காஸுக்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று புகைபோக்கியை வெட்டச் சொல்பவர்களும் வருவார்கள். ஆணையில் உள்ள உயரத்தை ஒரு அடிகூடக் குறைக்காதீர்கள்.

பர்னர் விற்றவர் கொடுத்த தகவல் தாளிலும் ஒரு ஓட்டை. நைட்ரஜன் ஆக்சைடு இவ்வளவு பிபிஎம் என்று இருந்ததே தவிர, எத்தனை சதவீத ஆக்சிஜனில் என்று இல்லை. காற்று அதிகமாகக் கலந்தால் புகை நீர்த்து எண் குறைவாகத் தெரியும்; அதனால் ஆக்சிஜன் அளவு இல்லாத எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. நைட்ரஜன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் 1 பிபிஎம் என்பது ஒரு நார்மல் கன மீட்டருக்கு 2.05 மில்லிகிராம். அதன்பின் ஆக்சிஜன் திருத்தம். 7 சதவீத ஆக்சிஜனில் 100 பிபிஎம் என்று மீட்டர் காட்டினால் 205 மில்லிகிராம். அதை 3 சதவீத ஆக்சிஜனுக்குக் கொண்டுவர 18-ஆல் பெருக்கி 14-ஆல் வகுக்க வேண்டும் (காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜனிலிருந்து 3-ஐயும் 7-ஐயும் கழித்தால் வருபவை): 264. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். விற்பனையாளரிடம் கேட்டால் "இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். யாரும் கேட்கவில்லை என்பதற்காக நானும் கேட்காமல் இருக்க முடியுமா? ஆக்சிஜன் அளவோடு, மில்லிகிராமில், கையெழுத்திட்ட தாள் வந்த பிறகுதான் மீதிப் பணத்தை விட்டேன். தனியார் ஆய்வகம் புகையை அளக்க வரும்போதும் ஆக்சிஜன் அளவை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

இதெல்லாம் தாண்டி எங்களை உண்மையிலேயே திணறடித்தது காஸ் அல்ல, நாங்கள் விட்டுவிட்டு வந்த பர்னஸ் ஆயில். காஸுக்கு மாறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பழைய டேங்க்கை என்ன செய்வது என்று ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

வருஷக்கணக்கில் எண்ணெய் நின்ற டேங்க்கின் அடியில் தார் மாதிரி கசடு உறைந்திருக்கும். அபாயகரக் கழிவு விதிகள் 2016-இன் முதல் அட்டவணையில், எண்ணெய் டேங்க்கைச் சுத்தம் செய்வதில் வரும் கசடு 3-ஆம் பிரிவில் வருகிறது. அபாயகரக் கழிவுக்காக வாரியம் எங்களுக்குத் தந்திருந்த அங்கீகாரத்தில் 5.1, அதாவது பயன்படுத்திய எண்ணெய் மட்டும்தான் இருந்தது. டேங்க் சுத்தம் செய்ய வந்த ஒப்பந்ததாரர் "எல்லாத்தையும் நாங்களே எடுத்துட்டுப் போயிடுவோம், நீங்க கவலைப்படாதீங்க" என்று பேசித்தான் வேலையை எடுத்தார். சுத்தம் செய்து, கசடை டிரம்களில் அடைத்தபின், எடுத்துப் போக உங்களுக்கு என்ன அங்கீகாரம் இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பழைய விலைப்பட்டியலையும் ஜி.எஸ்.டி. சான்றிதழையும் நீட்டினார். அபாயகரக் கழிவைக் கையாள அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. அந்த டிரம்களைச் செங்கல் சூளைக்கு எரிபொருளாக விற்பதுதான் அவருடைய திட்டம் என்று பேச்சோடு பேச்சாக அவரே சொன்னார். சூளையில் எரிந்து அந்தப் பக்கத்து ஜனங்கள் மூச்சில் போவதற்கா நாங்கள் காஸுக்கு மாறினோம்? வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பினேன்.

டிரம்கள் எங்கள் ஷெட்டில் நின்றன. இந்த மாதிரிக் கழிவை வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. ஃபார்ம் 1 போட்டு அங்கீகாரத்தில் அந்தக் கசடைச் சேர்க்க வேண்டும், அது வந்தபின் கும்மிடிப்பூண்டியில் உள்ள பொதுக் கழிவு மேலாண்மை மையத்தில் இடம் கேட்க வேண்டும், அவர்கள் மாதிரி எடுத்துச் சோதித்தபின்தான் வண்டி. வரிசையைக் கவனியுங்கள். டேங்க்கைத் திறந்த பிறகு இதையெல்லாம் ஆரம்பித்தால் நாட்கள் நமக்கு எதிராக ஓடும். திறப்பதற்கு முன்பே, கன்சென்ட் திருத்தத்துக்குப் போடும் அன்றே இதற்கும் போட்டுவிடுங்கள். எவ்வளவு கசடு வரும் என்று டேங்க்கின் அடியில் அளவுகோல் விட்டுப் பார்த்தால் தோராயமாகத் தெரிந்துவிடும். கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள். அங்கீகரித்த அளவைவிட ஒரு டிரம் அதிகமானாலும் அது போக வழியில்லாமல் நிற்கும்.

கெடு முடிவதற்குள் எங்கள் டிரம்கள் போய்ச் சேர்ந்தன. கழிவோடு கூடவே போகும் ஆவணமான ஃபார்ம் 10 மேனிஃபெஸ்ட்டில் ஏழு படிகள், ஏழு நிறம். மஞ்சள் நம்மிடம் இருக்கும். கழிவைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டு நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது நீலப் படி. அது வந்தால்தான் கழிவு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்பதற்கு ஆதாரம். பலர் மஞ்சளை ஃபைலில் வைத்துவிட்டு நீலத்தை மறந்துவிடுகிறார்கள் என்று வண்டியோட்டி வந்த அண்ணன்தான் எச்சரித்தார். "நான் மறுபடி வரமாட்டேன் சார், ஃபோன் பண்ணிக் கேட்டு வாங்கிடுங்க" என்றார். அப்படியே செய்தேன். அந்த நீலத் தாள் கைக்கு வந்த அன்று எனக்கு இருந்த நிம்மதி, பர்னர் முதன்முதலில் பற்றியபோதுகூட இல்லை.

ஆய்வு நல்லபடியாகவே முடிந்தது. வந்த பொறியாளர் நேராகக் காலி டேங்க்கைத்தான் முதலில் காட்டச் சொன்னார். நீலப் படியைக் காட்டியதும் மேற்கொண்டு கேள்வி இல்லை.

ஓட ஆரம்பித்தபின் இரண்டு விஷயங்கள். ஒன்று, மார்கழிக் காலையில் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகப் பொங்கும். மீத்தேனில் எடையில் கால் பங்கு ஹைட்ரஜன், அது எரிந்தால் தண்ணீர்தான். அந்த நீராவி குளிரில் தெரிகிறது. கறுப்புப் புகை போய் வெள்ளைப் புகை வந்ததும் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் கவலையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினோம். நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு, அதே ஈரம் பழைய புகைபோக்கியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் கந்தகக் கரியோடு சேர்ந்தால் அமிலமாகிக் கீழே சொட்டும், தகட்டை அரிக்கும். மாற்றுவதற்கு முன் புகைபோக்கியை உள்ளே நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சுரண்டி எடுத்த கரியைக் குப்பையில் கொட்டாமல், அதை எங்கே அனுப்புவது என்றும் வாரிய அலுவலகத்தில் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த வருடக் கணக்குகள். ஜூன் 30-க்குள் போடும் ஃபார்ம் 4 ஆண்டறிக்கையில் டேங்க் கசட்டைத் தனி வரியாகக் காட்டுங்கள், மேனிஃபெஸ்ட் அளவும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். செப்டம்பர் 30-க்குள் போகும் ஃபார்ம் 5 சுற்றுச்சூழல் அறிக்கையில், காஸுக்கு மாறிய வருடத்தில் இரண்டு எரிபொருளும் வரும். எந்தத் தேதி வரை எண்ணெய், எந்தத் தேதியிலிருந்து காஸ் என்று மீட்டர் எண்ணோடு எழுதி வைத்துக்கொண்டால், அதை நிரப்ப ஒரு மணி நேரம்கூட ஆகாது.