வாசகர் வட்டம்: மூன்று மாத வாசிப்பு

மே 11, 2025, ஞாயிறு

அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973). சென்னையின் தண்ணீர்ப் பஞ்சமும், சினிமா ஆசையில் பாஸ்கர் ராவிடம் ஏமாந்துபோன ஜமுனாவின் வாழ்க்கையும் பின்னிக் கிடக்கும் சின்ன நாவல். பேசி முடிக்க இருட்டிவிட்டது.

சண்டையெல்லாம் டீச்சரம்மாவைப் பற்றித்தான். சாகத் துணிந்த ஜமுனாவிடம் தன் கதையைச் சொல்லிக் கண்டிக்கிறாரே, அந்த இடம். "தன் துன்பத்தைக் காட்டி இன்னொருத்தியின் துன்பத்தைச் சிறிதாக்குவது கொடுமை இல்லையா?" என்று கேட்டாள் கல்லூரி மாணவி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. "லாரி வந்துவிட்டால், அழுதுகொண்டிருப்பவளும் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடித்தான் ஆக வேண்டும், கண்ணு. நாங்கள் ஓடியிருக்கிறோம்" என்றார்.

நான் அவர் கட்சி. டீச்சரம்மா ஆறுதல் சொல்ல வரவில்லை. எழுந்து நிற்கச் சொல்கிறார். மாணவி கடைசிவரை இறங்கி வரவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979). தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. நேரில் போய்ப் பார்த்துப் பழகி எழுதுவது ராஜம் கிருஷ்ணனின் வழக்கம். அந்த உழைப்பு இதில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. செய்தி கூடி, கதை இளைத்துவிட்டது என்று சிலர் குறைப்பட்டார்கள். தூத்துக்குடிக்கார அண்ணாச்சி மட்டும் வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "எங்க ஆச்சி அளத்துக்குப் போனவங்க. பாதம் வெடித்து, அந்த வெடிப்பில் உப்பு ஏறும். இதை யார் எழுதினார்கள், சொல்லுங்கள்" என்றார். கூடத்தில் பதில் இல்லை.

நடை சில இடங்களில் கட்டுரையாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் நாவலின் நாயகி பொன்னாச்சியை மறக்க முடியவில்லை. இந்த நாவல் இன்னும் பலர் கைக்குப் போக வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

மழை, வந்தவர்கள் கொஞ்சம் பேர். பூமணியின் 'வெக்கை' (1982). இதைத் தழுவி எடுத்த 'அசுரன்' படத்தைப் பார்த்துவிட்டு வந்த தம்பி ஒருவன் பெரிய சண்டைகளைத் தேடி ஏமாந்திருந்தான். கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அதன்பின் சிதம்பரமும் அவன் அப்பாவும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைச் சமைத்துத் தின்கிறார்கள், தூங்குகிறார்கள், வீட்டை நினைக்கிறார்கள். "இதில் என்ன இருக்கிறது?" என்றான்.

இதில்தான் எல்லாம் இருக்கிறது என்பேன். பதினைந்து வயதுப் பையன் கொலை செய்துவிட்டு வந்திருக்கிறான், அவனுக்குப் பசிக்கிறது. அப்பா ஏசவில்லை, சோறாக்கிப் போடுகிறார். இதைவிட அழுத்தமாக ஒரு தகப்பனை எப்படி எழுத முடியும்?