மருந்து வந்தும் மாறாத பிரிவுகள்

சட்டத் திருத்தங்களுக்கான ஆய்வுக் குறிப்புகள் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். எந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைக்கும் இந்தியச் சட்ட ஆணையத்தின் அறிக்கைகள் எப்போதும் மேசையில் கிடக்கும். அவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்த்தது 2015-இல் வந்த 256-வது அறிக்கை. தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களை நம் சட்டங்கள் எப்படி நடத்துகின்றன என்று ஆராய்ந்த அறிக்கை அது.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மருந்து சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். ஆனால் அதற்கப்புறம் பல ஆண்டுகள் ஆகியும், குணமாகாத தொழுநோய் என்று சொல்லி விவாகரத்து கேட்க இந்து திருமணச் சட்டம் இடம் கொடுத்தது. சிறப்புத் திருமணச் சட்டமும் அப்படித்தான். நோயாளிகளைப் பிடித்துத் தனியே அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம்கூட 2016 வரை ஏட்டில் இருந்தது.

இப்படிப்பட்ட பிரிவுகளைத் தேடிப் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. திருமணச் சட்டத்தில் இருப்பது கண்ணில் பட்டுவிடும். பிச்சையெடுப்பதைத் தடுக்க 1959-இல் பம்பாயில் வந்த சட்டத்துக்குள் தொழுநோயாளிகளைப் பற்றி ஒரு பிரிவு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஒவ்வொரு துறையும் தன் சட்டத்தை மட்டும்தான் பார்க்கும். நீதிமன்றத்துக்கோ தன் முன் வந்த வழக்குதான் எல்லை. தொழுநோயாளி நகராட்சி உறுப்பினராக முடியாது என்ற ஒடிசா சட்டத்தை எதிர்த்து ஒரு வழக்கு வந்தது. அந்த விதி செல்லும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதை வைத்திருக்க வேண்டுமா என்று சட்டமன்றம்தான் யோசிக்க வேண்டும் என்றது. எல்லாச் சட்டங்களையும் சேர்த்துவைத்து, ‘இந்த மனிதருக்கு மொத்தமாக என்ன நடக்கிறது?’ என்று கேட்க ஓர் அமைப்பு வேண்டும். சட்ட ஆணையத்தை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். யாரும் பயன்படுத்தாத பழைய சட்டங்களை ரத்து செய்யச் சொல்வதும் அதன் வேலைதான்; ஆனால் அது எளிது, யாரும் எதிர்க்க மாட்டார்கள். உயிரோடு இருந்து ஒருவரை வதைக்கும் சட்டத்தைத் தொடுவதுதான் கடினம்.

ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும். 2019-இல் நாடாளுமன்றம் திருமணம், குடும்பம் பற்றிய ஐந்து தனிநபர் சட்டங்களைத் திருத்தி, தொழுநோயை விவாகரத்துக் காரணங்களிலிருந்து நீக்கியது. நாலு வருடம் என்பது இந்த விஷயத்தில் வேகம் என்றே சொல்வேன். போலீஸ் காவலில் ஒருவர் காயமடைந்தால் அதற்குப் போலீஸ்தான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என 1985-இல் 113-வது அறிக்கை சொன்னது. அது இன்னும் சட்டமாகவில்லை.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் ஆணையம் 1955-இல், நாட்டின் முதல் அட்டர்னி ஜெனரலான எம்.சி. செதல்வாட் தலைமையில் அமைந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஆணையத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அரசாணை போட்டுத்தான் அமைக்கிறார்கள். 21-வது ஆணையத்தின் காலம் 2018 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்த தலைவரை நியமித்தது 2022 நவம்பரில். நடுவில் போன காலத்தில் எத்தனை பேரின் மனுக்கள் காத்திருந்திருக்கும்!

இங்கிலாந்தின் ஆணையம் 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிரந்தரமாக இயங்குகிறது. 2009-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நிறைவேறாத பரிந்துரைகள் எவை, ஏன் நிறைவேறவில்லை என்று அமைச்சர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்றும் ஆக்கினார்கள். இங்கேயும் அது வேண்டும். பரிந்துரையை ஏற்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும். அதை வைத்து அடுத்த வாதத்தை நாங்கள் எழுதிக்கொள்வோம்.