சிறுகோளத் தொடாமலே அது என்ன கல்லுன்னு சொல்லுறது

மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரைல நடந்தவங்களுக்குத் தெரியும், ஒரே மணல்ல கருப்பா ஒரு வரி செவப்பா ஒரு வரின்னு கெடக்கும், கருப்பு இல்மனைட், செவப்பு கார்னெட், வெவரம் உள்ளவங்க கைல அள்ளாமலே சொல்லிருவாங்க. சிறுகோள்கள, அதாவது சூரியனச் சுத்துற சின்னப் பாறை உலகங்கள, ஸ்பெக்ட்ரோஸ்கோபில (வெளிச்சத்த அலைநீளம் அலைநீளமாப் பிரிச்சுப் பாக்குற முறை) படிக்கிறதும் இதே வேலதான், என்ன, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வரைக்கும் போய்ப் பாக்கணும்.

சூரிய வெளிச்சம் கல்லுல பட்டுத் திரும்பும்போது சில அலைநீளத்துல மட்டும் கொறஞ்சு வரும். பைராக்சீன்னு ஒரு கனிமம், அதுல உள்ள இரும்பு 0.9 மைக்ரான் பக்கமும் 2 மைக்ரான் பக்கமும் வெளிச்சத்த உறிஞ்சிரும், அந்த வெளிச்சத்தோட கிராஃப்ல, அதாவது ஸ்பெக்ட்ரம்ல, அங்க பள்ளம் விழும். 1970ல தாமஸ் மெக்கார்ட் டீம் வெஸ்டாங்கிற பெரிய சிறுகோளோட வெளிச்சத்துல அந்தப் பள்ளத்தப் பாத்துட்டு இது பாசால்ட், எரிமலைக் குழம்பு ஒறஞ்ச பாறைன்னு சொன்னாங்க. 2011ல நாசாவோட டான் விண்கலம் பக்கத்துல போய்ப் பாத்தப்பவும் அது சரியாத்தான் இருந்துச்சு.

ஆனா எனக்கு உசுரு இட்டோகாவாங்கிற குட்டிச் சிறுகோளோட கதைதான். பூமில விழுற விண்கல்லுல பெரும்பகுதி சாதாரண கான்ட்ரைட்ங்கிற கல்லு வகை, அப்ப அதோட தாய்ப்பாறைங்க மேல ஏராளமா இருக்கணும்லா? இட்டோகாவா மாதிரி எஸ் டைப்ங்கிற பாறை வகைச் சிறுகோள் ஏராளமா இருக்கு, ஆனா ஸ்பெக்ட்ரம் பொருந்தல, செவப்பு தூக்கலா இருக்கு, பள்ளமும் ஆழமில்ல, பல வருஷம் இதுலயே வாக்குவாதம் ஓடிச்சு. ஜப்பானோட ஹயபுசா விண்கலம் 2005ல இட்டோகாவாவுக்குப் போய்த் தூசி எடுத்துட்டு 2010 ஜூன்ல ஆஸ்திரேலியாவுல வந்து எறங்குச்சு. பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டர்கூட இல்லாத பொடி. உள்ளுக்குள்ள பாத்தா அச்சு அசல் கான்ட்ரைட்! வெளிம்புல மட்டும் ரொம்ப ரொம்ப மெல்லிசா ஒரு தோல், அதுல நானோ அளவுல இரும்புத் துணுக்கு, சூரியக்காத்து (சூரியன்லருந்து வர்ற மின்துகள் ஓட்டம்) அடிச்சு அடிச்சு உண்டானது. டெலஸ்கோப் அத்தன வருஷமும் பாத்துட்டிருந்தது அந்தத் தோலத்தான், அதான் ஸ்பெக்ட்ரம் பொருந்தல. இதப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுட்டு, இத்துனூண்டு தூசி எவ்ளோ பெரிய வழக்க முடிச்சிருக்கு பாருங்க.

இப்ப என் கண்ணு சைக்கிங்கிற சிறுகோள் மேலதான். அதோட ஸ்பெக்ட்ரம்ல பள்ளமே ரொம்ப லேசு, அத மட்டும் வச்சு உலோகம் எவ்ளோ, பாறை எவ்ளோன்னு அடிச்சுச் சொல்ல முடியல. 2023 அக்டோபர்ல கெளம்புன நாசா விண்கலத்துல காமா கதிர், நியூட்ரான் கருவியும் வச்சிருக்காங்க, அது அந்த மெல்லிசுத் தோலுக்கும் கீழ என்ன தனிமம் இருக்குன்னு காட்டும். 2029ல போய்ச் சேரணும், மொத டேட்டா வந்ததும் இங்கயே எழுதுறேன்.