அறுந்ததை எங்கே எழுதுவது?

“சார், கத்திரி போடும்போதே நெறைய போயிடுது. அதையெல்லாம் எங்க எழுதுறது?”

அந்தப் பெண் கேட்டது இவ்வளவுதான். டிப்ளமோ முடித்துவிட்டு, கார்பன் இழைகளின் வலிமையை அளக்கும் எங்கள் ஆய்வகத்தில் சோதனை உதவியாளராகச் சேர்ந்தவள், தண்டையார்பேட்டையிலிருந்து வருவாள். நான் கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே, “அது டெஸ்டே ஆகலையேம்மா, விட்டுடு” என்றேன். சரியான பதில்தான். இன்றைக்கு யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன். அப்புறம் ஏன் அது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் புரியவில்லை.

ஒற்றை இழையை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அவள் சொன்ன கட்டம் தெரியும். அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் குறுக்கே ஒரே ஒரு கார்பன் இழையை வைத்து, இரண்டு முனையிலும் பசை வைக்க வேண்டும். காய்ந்ததும் அட்டையை இயந்திரத்தின் பிடிகளில் மாட்டி, இரண்டு ஓரங்களையும் கத்திரியால் வெட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு பிடிகளுக்கு நடுவே இருப்பது இழை மட்டும்தான். ஏழெட்டு மைக்ரான் பருமன், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. மே மாதத்திலும் மின்விசிறி போட முடியாது, பறந்துவிடும். மணலி சாலையில் கன்டெய்னர் லாரி போகும் சத்தம் அடங்கும்வரை கத்திரியை விரித்தபடியே காத்திருப்பாள். என்னைவிட அவளுக்குக் கை நிதானம். அவள் கையிலேயே அறுகிறது என்றால் குறை கையில் இல்லை.

பிரச்சினை அங்கேதான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு வகை இழைகளை. ஒன்று, கார்பன் இழைக்கு மூலப்பொருளான பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற பாலிமரை மட்டும் நூற்றுச் சுட்டது. மற்றொன்று, அதே கரைசலில் எடைக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கார்பன் நானோகுழாய், அதாவது கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய், கலந்து நூற்றது. இரண்டுமே காற்றில் இருநூறு முந்நூறு டிகிரிக்குள் பதப்பட்டு, பிறகு நைட்ரஜனில் ஆயிரம் டிகிரிக்கு மேல் போய், எடையில் ஏறக்குறைய பாதியை இழந்து வெளியே வருபவை. நானோகுழாய் சேர்ப்பதில் உள்ள ஆசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனிக் குழாய்களை இழுத்து 2000-இல் அளந்தபோது 11 முதல் 63 ஜிகாபாஸ்கல் (இழுவலிமையின் அலகு) வரை தாங்கின. சந்தையில் கிடைக்கும் நல்ல கார்பன் இழையே ஏழு ஜிகாபாஸ்கலைச் சுற்றித்தான் நிற்கிறது. குழாய்கள் இழையின் நீளவாக்கில் படுத்து, பாலிமர் சங்கிலிகளையும் தங்களோடு வரிசையாகப் படுக்க வைத்தால் லாபம். பிரியாமல் கட்டியாகத் தங்கிவிட்டால் அந்தக் கட்டியே இழையின் பலவீனமான இடம். அல்ட்ராசானிக் கருவியில் எவ்வளவு நேரம் கலக்கினாலும் கொஞ்சம் கட்டி இருக்கத்தான் செய்கிறது.

நானோகுழாய் சேர்த்ததுதான் கத்திரியில் அதிகம் அறுந்தது. அவள் அதைத் தனியாகச் சொல்லவில்லை. குப்பைத் தட்டில் கிடந்த அட்டைகளை நான்தான் பிறகு பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் எந்தத் தொகுதி என்று எழுதியிருந்தாள்.

என் பக்கத்து நியாயம் இது. கத்திரி வெட்டும்போது அட்டை லேசாக முறுகும், இழை வளையும். அது இழுவிசை இல்லை. வளைந்து அறுந்ததற்கு என்ன எண் போடுவது? சுழியமா? அது இன்னும் பெரிய பொய். பிடிக்குள் அறுந்ததையும் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதானே வழக்கம். யாரும் அதற்காகத் தூக்கத்தைத் தொலைப்பதில்லை. சரி. ஆனால் கட்டியுள்ள இழை வளைவிலும் அறும், இழுப்பிலும் அறும். அப்படிப்பட்டவை கத்திரியிலேயே கழிந்துபோனால், இயந்திரம் வரை வந்து சேர்வது நல்லவை மட்டும். நாங்கள் போட்ட சராசரி அவற்றின் சராசரி. வலுவில்லாதவை கழிந்துபோவதால் முடிவுகளின் சிதறலும் குறைந்து, தொகுதி ஒரே சீராக இருப்பதுபோல வரைபடத்தில் தெரியும். அறுந்த வலிமைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வைபுல் வரைபடம் போட்டபோது புள்ளிகள் நேர்கோட்டில் அழகாக உட்கார்ந்தன. அந்த அழகுமேல்தான் எனக்கு இப்போது சந்தேகம்.

இதற்கும் கணக்கில் வழி இருக்கிறது. ஒரு வலிமைக்குக் கீழே உள்ளவை முன்னமே வெட்டுப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொண்டு திருத்தலாம். அதற்கு எத்தனை அறுந்தன என்று தெரிந்திருந்தால் நல்லது. அட்டைகள் குப்பைக்குப் போயாயிற்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தத் தொகுதியை ஒட்டிய வாரம் பசை மாறியது. எண்ணூர்ப் பக்கக் கடல்காற்றின் ஈரத்தில் அட்டை நமுத்துப் போய்க் கத்திரிக்குச் சரியாக மசியவில்லை. அறுந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் எங்கள் எண்ணில் குறை ஒன்றுமில்லை, நான் சும்மா குழப்பிக்கொள்கிறேன். எது என்று இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு வகைக்கும் நடுவே தெரிந்த வித்தியாசம் பெரிதாக இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்கவும் மாட்டேன்.

அறிக்கை “கூடுதல் வலிமை” என்ற சொற்களோடு போய்விட்டது. “சோதிக்கப்பட்ட மாதிரிகளில்” என்று முன்னால் சேர்த்தேன். அது உண்மையும்கூட. படித்தவர் யாரும் அந்த இடத்தில் நின்றதாகத் தெரியவில்லை.

இப்போது எக்செல் தாளில் “மாட்டும்போது அறுந்தவை” என்று ஒரு பத்தி இருக்கிறது. அவளிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை, “இதையும் போட்டுட்டு வாம்மா” என்றதோடு சரி. அவள் ஒழுங்காக நிரப்புகிறாள். இதுவரை அந்தப் பத்தி எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. ஏற்றினால் பழைய அறிக்கையில் ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள். அப்போதும் நான் “அது டெஸ்டே ஆகலையே” என்றுதான் சொல்லுவேன் என்று நினைக்கிறேன்.