சியாட்டில் 1999: முற்றுகைத் தெருக்களில் ஒரு நடை

1999 நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், நாடுகளுக்கிடையிலான வணிக விதிகளை வகுக்கும் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டைப் போராட்டக்காரர்கள் முற்றுகையிட்டார்கள். அந்தத் தெருக்களில் நடந்து பார்க்க, முதலில் மாநாடு நடந்த கட்டடத்தைச் சரியாகப் பிடியுங்கள். மாநாட்டு மையம் என்று வரைபடத்தில் தேடினால், பைன் தெருவில் 2023இல் திறந்த 'சம்மிட்' கட்டடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும். 1999இல் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடியது, இப்போது 'ஆர்ச்' எனப்படும் பழைய கட்டடத்தில்: 705, பைக் தெரு. பைக்கும் பைனும் அடுத்தடுத்த தெருக்கள், குழம்புவது எளிது.

நடையை மேட்டிலிருந்து, பிராட்வேயும் பைன் தெருவும் சந்திக்கும் சியாட்டில் சென்ட்ரல் கல்லூரியில் தொடங்குவது நல்லது. நவம்பர் 30 காலை 7 மணிக்குப் போராட்டக்காரர்கள் கூடிய இரண்டு இடங்களில் இது ஒன்று. மற்றொன்று கடலோரச் சரிவில் உள்ள ஸ்டைன்புரூக் பூங்கா. இரு பக்கமிருந்தும் நெருக்குவதுதான் திட்டம்.

பைன் தெருவில் இறங்கி வரும்போது நெடுஞ்சாலைப் பாலத்தில் நின்று இடப்புறம் பாருங்கள். ஆர்ச் கட்டடம் அந்த ஐ-5 நெடுஞ்சாலையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கிழக்கிலிருந்து வர நாலைந்து பாலங்களை விட்டால் வேறு வழியில்லை. மேற்கே ஓட்டல்களில் தங்கிய பிரதிநிதிகளோ தெருச்சந்திகளைக் கடந்தாக வேண்டும். சந்திகளைப் பிடித்தால் மாநாட்டையே பிடித்த மாதிரி. போராட்டக்காரர்கள் மையத்தைச் சுற்றிய பகுதியை 13 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சில சிறு குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். தேவைப்பட்ட இடத்துக்கு ஓட நடமாடும் குழுக்களும் இருந்தன. குழாய்க்குள் கையை விட்டு உள்ளே ஒருவரோடொருவர் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்களை, குழாயை அறுக்காமல் காவலர்கள் நகர்த்த முடியாது. தலைமை என்று ஒருவர் இல்லாததால், யாரைக் கைது செய்தாலும் முற்றுகை கலையவில்லை. பாலம் தாண்டியதும் வரும் பாரமவுண்ட் அரங்கில் நடக்கவிருந்த தொடக்க விழா ரத்தானது.

அதே நாளில் தொழிற்சங்கப் பேரணி புறப்பட்டது சியாட்டில் சென்டர் வளாகத்தில் அப்போதிருந்த மெமோரியல் ஸ்டேடியத்திலிருந்து. நகர மையத்தில் உள்ள வெஸ்ட்லேக் நிலையத்திலிருந்து அந்த வளாகத்துக்கு மோனோரயிலில் சில நிமிடங்களில் போய்விடலாம்.

அன்றைய படங்களில் போராட்டக்காரர்கள் சிலர் போட்டிருக்கும் கடலாமை வேடத்துக்குப் பின்னால் 1998இன் இறால் வழக்கு இருக்கிறது. ஆமை தப்பிக்கும் கருவி இல்லாமல் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா விதித்த தடையை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து தொடுத்த வழக்கு அது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு ஆமைப் பாதுகாப்பைக் குறை சொல்லவில்லை, தடையைப் பாரபட்சமாக நடைமுறைப்படுத்தியதைத்தான் கண்டித்தது. இந்த வழக்கில் வேடம் போட்டவர்களும் வழக்குத் தொடுத்த வளரும் நாடுகளின் அரசுகளும் எதிரெதிர் அணி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டிசம்பர் 3 அன்று பேச்சுவார்த்தை முறிந்ததற்குத் தெரு மட்டும் காரணமல்ல. மூடிய அறையில் சில நாடுகள் மட்டும் பேசியதை ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் உள்ளிருந்தே எதிர்த்தார்கள்.

துண்டறிக்கைகளையும் ஆவணங்களையும் பார்க்க விரும்பினால் வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்குப் போகலாம். வெஸ்ட்லேக்கிலிருந்து லைட் ரயிலில் இரண்டாவது நிறுத்தம். நவம்பர் கடைசியில் போனால் மழைச்சட்டை வேண்டும். மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் நடையைக் காலையிலும் நூலகத்தைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.