சனியனோடு மூன்று மாதம்

செப்டம்பர், முதல் வாரம்

பென்சில்வேனியாவில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பழைய ராணுவச் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. தார்ப்பாய் வாங்கப் போனவன் இரண்டு பயனெட்டோடு திரும்பினேன். துப்பாக்கி நுனியில் மாட்டுகிற இந்தக் கத்திக்குப் பழைய தமிழில் துப்பாக்கிச் சனியன் என்று பெயர். வாங்கி வந்த கிழமையும் சனி. வீட்டில் என்ன பேச்சு விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று அமெரிக்க எம்7. எம்16 துப்பாக்கிக்காக 1964-ல் வந்தது. இன்னொன்று ஏகே-47-க்கு அடுத்து வந்த ஏகேஎம் துப்பாக்கிக்கானது, கிழக்கு ஜெர்மனித் தயாரிப்பு. நவம்பர் முடியும்வரை அட்டைப்பெட்டி, கயிறு, விறகு, தோட்டம் எதுவானாலும் இந்த இரண்டுதான் என்று எனக்கு நானே நிபந்தனை போட்டுக்கொண்டேன். வீட்டு வேலியைத் தாண்டி இவை வெளியே போகக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை. இங்கே மாநிலத்துக்கு மாநிலம் கத்திச் சட்டம் மாறும். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போட்டுவிட வேண்டாம். இந்திய ஆயுத விதிகளில் பயனெட்டைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

முதல் வேலை, வந்து கிடந்த ஒரு பார்சல். எம்7 முனை டேப்புக்குள் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. அப்புறம் இழுத்தால் அட்டை அறுபடவில்லை, கிழிந்தது. உள்ளே இருந்த துண்டிலும் ஒரு ஓட்டை.

செப்டம்பர், இரண்டாம் வாரம்

சாணை பிடிக்க உட்கார்ந்தேன். ராணுவத்திலிருந்து வரும்போது பெரும்பாலும் பயனெட்டுக்குக் குத்துகிற முனை இருக்கும், வாய், அதாவது வெட்டுகிற கூர் விளிம்பு, இருக்காது. எம்7-இன் அலகு சுமார் 17 சென்டிமீட்டர் நீளம், அகலம் இரண்டு விரல்கூட இல்லை, முதுகோ நல்ல தடிமன். அகலம் குறைந்து தடிமன் கூடினால் அது ஆப்புதான். 1943-ல் வந்த எம்3 சண்டைக் கத்தி, 1944-ல் அதே அலகோடு எம்4 பயனெட் ஆனது. பிறகு எம்5, எம்6, எம்7 என்று கைப்பிடியும் மாட்டுகிற வளையமும் துப்பாக்கிக்குத் தகுந்தபடி மாறின. அலகு மட்டும் அதே குத்துவாள் அலகு. குத்தவென்று பிறந்த பரம்பரையிடம் போய்த் தக்காளி நறுக்கச் சொல்கிறேன்.

முதலில் அரம், பிறகு 400 நம்பர் சாணைக்கல், பிறகு அதைவிட நைசான 1000 நம்பர் கல். இரண்டு மாலை முழுக்கப் போனது. பிசிர் ஒரு பக்கம் எழுந்து அடங்க, செய்தித்தாளை நறுக்கென்று வெட்டியது. சந்தோஷத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். எம்7-க்கு முதுகுப் பக்கத்திலும் முனையிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒரு வாய் உண்டு. அதையும் சேர்த்துத் தீட்டிவிட்டேன்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிய பழைய பயனெட்டில் அரம் பட்டால் அதன் விலை அங்கேயே போயிற்று. எம்7 லட்சக்கணக்கில் செய்த சாமான் என்பதால்தான் எனக்கு அந்தத் துணிச்சல்.

மறுநாள் காலை பார்த்தால் வாய் நெடுகச் செம்புள்ளிகள். கார்பன் எஃகு. அலகின்மேல் இருக்கும் சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு, தீட்டிய இடத்தில் போய்விட்டது. தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன்.

செப்டம்பர் கடைசி

விறகு பிளந்தேன். ஆப்பு போன்ற அலகு என்று மேலே குறை சொன்னேன் அல்லவா, இங்கே அது வரம். காய்ந்த பைன் கட்டையின் தலையில் வைத்து முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டினால் சிம்புசிம்பாகப் பிளக்கிறது. ஆனால் நான்கைந்து தட்டு தட்டியதும் சுத்தியாக வைத்திருந்த கட்டையிலிருந்து சீவல் சீவலாக உதிர்ந்தது. தீட்டிய முதுகு அல்லவா! அதை எடுத்துப் பார்க்கிற சாக்கில் கட்டைவிரலை அதன்மேலேயே வைத்தேன். வெட்டு ஆழமில்லை, இருந்தும் மூன்று நாள் பிளாஸ்திரி. அன்றிரவே முதுகு வாயை அரத்தால் ராவி மழுக்கினேன்.

விரலைப் பற்றிய பேச்சு வந்ததால் பிடியையும் சொல்லிவிடுகிறேன். காய் சீவும்போது கட்டைவிரல் தானாகக் கத்தி முதுகுக்குப் போகும். எம்7-இல் சரியாக அந்த இடத்தில் துப்பாக்கிக் குழல் நுழைகிற இரும்பு வளையம் நிற்கிறது. பிடியின் அடியில் துப்பாக்கியைக் கவ்வுகிற தாழ்ப்பாள் உள்ளங்கையை உறுத்துகிறது. கால் மணி நேரம் சீவினால் கை சிவந்துவிடும்.

அக்டோபர்

ஏகேஎம் பயனெட் வேறு ஜாதி. சோவியத் ராணுவத்தில் 1950-களின் கடைசியில் வந்தது. அலகு 15 சென்டிமீட்டர்தான், அகலம் கூடுதல், நுனி சற்றே ஏறிய வேட்டைக் கத்தி வடிவம். அலகில் நீள்வட்டமாக ஒரு துளை. உறையின் நுனியில் ஒரு குமிழ். குமிழைத் துளைக்குள் மாட்டினால் அலகும் உறையும் கத்தரிக்கோலாகிவிடும். உறைமேல் ரப்பர் போர்த்தியிருப்பதும் அழகுக்கில்லை, மின்சாரம் பாய்கிற முள்வேலியை வெட்டும்போது கை தப்ப வேண்டும் என்பதற்கு. (நான் சோதிக்கவில்லை. சோதிக்கவும் போவதில்லை.)

பின்வேலியில் முயல் நுழையாமல் கட்டிய கோழிவலை துருப்பிடித்திருந்தது. அதை வெட்ட எடுத்தேன். மெல்லிய கம்பி நொறுக்கென்று போனது. வேலிக்கம்பி தடிமனுக்கு இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. பிடி குட்டை, நெம்புகோல் போதவில்லை. ஆனாலும் வெட்டியது. அலகில் பல் விழவில்லை. அன்று முழுக்க அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

முதுகில் இருக்கும் ரம்பம்தான் ஏமாற்று. பற்கள் இடம் வலமாக விலகாமல் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன, மரத்தூளுக்கு வெளியே வர வழியில்லை. பெருவிரல் தடிமன் கிளை ஒன்றில் பாதி போய் இறுகி நின்றுவிட்டது. மீதியைக் காலால் மிதித்து ஒடித்தேன்.

அமெரிக்கர்கள் 1980-களில் எம்9 பயனெட் செய்தபோது இதே துளை-குமிழ் யோசனையை எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கியில் மாட்டிக் குத்துகிற நாள் அநேகமாகப் போய்விட்டது, சிப்பாய்க்குக் கம்பி வெட்டத்தான் வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. 2010-ல் அமெரிக்கத் தரைப்படை அடிப்படைப் பயிற்சியிலிருந்தே பயனெட் தாக்குதலை எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருக்கிறார். எம்7-ஐ எதற்கெல்லாம் பயன்படுத்தினார் என்று கேட்டேன். பெட்டி நெம்பவும், டப்பா ஓட்டை போடவும், கூடார முளைக்குக் குழி தோண்டவும். துப்பாக்கியில் மாட்டியது அணிவகுப்பில் மட்டுமாம்.

அக்டோபர் நடு, சமையலறை

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். நன்றாகக் கழுவி, ஏகேஎம்-ஆல் சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கினேன். நேரம் பார்த்து அம்மா வீடியோ காலில் வந்தார். "ஏன்டா, வீட்ல கத்தியே இல்லையா? அருவாமனை அனுப்பட்டுமா?" என்றார். வெங்காயத்தில் பாதி துண்டானது, பாதி நசுங்கியது. கண்ணீர் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு பங்கு. சமையலறைப் பரிசோதனை அத்தோடு முடிந்தது.

எம்7-இன் தேங்காய் எண்ணெய் கராஜ் குளிரில் வெள்ளையாக உறைந்து, உறைக்குள் மெழுகுபோல் அப்பிக்கொண்டது. சுரண்டி எடுத்துவிட்டு மினரல் ஆயிலுக்கு மாறினேன்.

அக்டோபர் கடைசி

இங்கே பூண்டு நடுகிற பருவம் இதுதான். இப்போது நட்டால் பனிக்கடியில் தூங்கி, வசந்தத்தில் எழுந்து, கோடையில் அறுவடைக்கு வரும். களிமண் பாத்தியில் எம்7-ஐக் குத்தி லேசாக ஒரு சுழற்று. ஒரு பல்லுக்குத் தோதாகக் குழி விழுந்தது. அலகில் ஐந்து சென்டிமீட்டரில் ஒரு டேப் ஒட்டினேன், ஆழம் சரியாயிற்று. கத்தியைப் படுக்கவைத்தால் அடுத்த குழிக்கான இடைவெளியும் அதிலேயே கிடைத்தது. கை உறுத்தவில்லை, வளையம் இடிக்கவில்லை, ஏனென்றால் இப்போது அதைக் குத்துகிற மாதிரிதான் பிடித்திருக்கிறேன். அறுபது பல்லை அரை மணி நேரத்தில் நட்டு முடித்தேன்.

நவம்பர் கடைசி

நிபந்தனை முடிந்தது. அட்டைப்பெட்டிக்குக் கட்டர் திரும்ப வந்துவிட்டது. ஏகேஎம் வேலிக் கருவிகளோடு ஆணியில் தொங்குகிறது. எம்7, மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் நடுவே. ஐந்து சென்டிமீட்டரில் இருந்த டேப்பைப் பதினைந்துக்கு ஏற்றியிருக்கிறேன், டியூலிப் கிழங்கு இன்னும் இருபது பாக்கி இருக்கிறது.